கறுப்பு எத்தனை மில்லி?

மரத்தரைப் பலகை விற்கும் ஷோரூம் அது. மேலே மஞ்சள் விளக்கு, உள்ளே ஏசி குளிர், சுவர் முழுக்கச் சாய்த்து வைத்த பலகைகள். அக்காவும் மாமாவும் புது ஃபிளாட்டுக்குத் தரை பார்க்க வந்திருந்தார்கள். கூடவே அக்காவின் மாமியார், எனக்கு அத்தை. நான் வந்தது வண்டி ஓட்ட.

“இது டார்க் வால்நட் சார். இப்போ எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க” என்றார் விற்பனைத் தம்பி. காபிக் கொட்டையை நன்றாக வறுத்த நிறம். மாமா தடவிப் பார்த்தார். அக்கா செல்போனில் படம் எடுத்தாள். அத்தை மட்டும் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை வெளியே எடுத்தார்.

“தம்பி, இதுல கீறல் விழுந்தா உள்ளே என்ன நிறம் தெரியும்?”

“கீறலே விழாதும்மா.”

“விழாத தரை எங்கேப்பா இருக்கு? விழுந்தா?”

தம்பி நல்ல பிள்ளை. உள்ளே போய் வெட்டிப்போட்ட துண்டுகள் மூன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அத்தை ஒவ்வொன்றிலும் சாவியால் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். முதல் துண்டில் கோடு வெள்ளையாகத் தெரிந்தது, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியதுபோல. இரண்டாவதில் வெளிர்பழுப்பு. மூன்றாவதில் கோடு விழுந்ததே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. மூன்றும் ஷோரூம் சுவரில் ஒரே நிறமாகத்தான் நின்றிருந்தன.

கறுப்பு மரத்தரை வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பிராண்டு, விலை, உத்தரவாதம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் அந்தத் தரை பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

தலைக்கு மேலே இருந்த மரம்

தமிழ்நாட்டு வீடுகளில் மரத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் அது இருந்த இடம் வேறு. தேக்கு உத்தரங்களைக் குறுக்கே போட்டு, மேலே செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் மரம் தலைக்கு மேலே இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, தூணாக நின்றது. நிலையாக, கதவாக, ஊஞ்சல் பலகையாக இருந்தது. காலுக்குக் கீழே சாணம் மெழுகிய மண், பிறகு சிவப்பு ஆக்சைடு, ஆத்தங்குடிக் கல், கடப்பாக் கல், மொசைக். மரத்தின்மேல் நடக்க வேண்டுமானால் மச்சுக்கு ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாவில் தங்க வேண்டும்.

நம் முன்னோருக்கு ரசனை போதவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் தண்ணீர். வெள்ளிக்கிழமை வீடு கழுவிவிடுகிற ஊரில், மழைக்காலத்தில் வாசல் வரை வெள்ளம் நிற்கிற ஊரில், மண்ணுக்குள் கறையான் காத்திருக்கிற ஊரில் மரத்தைத் தரையில் படுக்க வைப்பது புத்திசாலித்தனமாகப் படவில்லை. இன்னொன்று, பாதம். கிரானைட் காலின் சூட்டை வெகு வேகமாக இழுத்துக்கொள்ளும். மரத்துக்கு அந்த வேகம் கிடையாது. அதனால்தான் கோத்தகிரியில் விடிகாலை கட்டிலை விட்டு இறங்கும்போது மரத்தரை சுகமாக இருக்கிறது. சென்னையில் மே மாதம் பிள்ளைகள் பாயை உதறிவிட்டு வெறும் கல்தரைக்கு உருண்டு போவதும் அதனால்தான்.

ஆனால் கறுப்புத் தரை நமக்குப் புதியது என்று சொல்ல முடியாது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே சில கூடங்களின் தரை, முகம் பார்க்கலாம் போல மின்னும் கருமை. சுண்ணாம்போடு தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து இழைத்தது என்று அங்கே வழிகாட்டிகள் சொல்வார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தால் கால் சில்லிடும். அது மரமல்ல. ஆனால் கறுத்த தரை, வெளுத்த சுவர், மேலே மரக்கூரை, சன்னல் வழியே வரும் கொஞ்ச வெளிச்சம் என்கிற சேர்க்கையின் அழகைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. கறுப்புத் தரை கேட்டு ஷோரூமுக்குப் போகிறவர் முதலில் அங்கே ஒரு நடை போய்விட்டு வரலாம்.

கறுப்பு வருகிற வழிகள்

அத்தை கீறிய துண்டுகளுக்கு வருவோம்.

வெள்ளைக் கோடு காட்டியது லேமினேட். மரத்தூளையும் பிசினையும் அழுத்திச் செய்த அட்டைப்பலகைமேல் மரத்தின் புகைப்படத்தை ஒட்டி, அதன்மேல் கண்ணாடிபோல் கடினமான ஒரு பூச்சு. 1977ல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் தொடங்கிவைத்த சமாசாரம். அந்த மேல்பூச்சு லேசில் கீறாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏசி என்ற எழுத்துகளோடு ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள் (குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தேய்மானத்துக்கான தரவரிசை அது). வீட்டுக்கு ஏசி 3 அல்லது 4 போதும். ஆனால் கீறல் விழுந்துவிட்டால் முடிந்தது. கறுப்பின் ஆழம் ஒரு காகிதத்தின் கனம்தான். தேய்த்து மறுபடி பாலிஷ் போடுவது என்ற பேச்சே கிடையாது. இதே குடும்பத்தில் எஸ்பிசி என்று இன்னொன்று வந்திருக்கிறது. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைமேல் மரப் படம். தண்ணீருக்கு அஞ்சாது. அதைப் பொய் மரம் என்று நான் ஏளனம் செய்ய மாட்டேன். படம் என்று தெரிந்து வாங்குகிறவருக்கு அது நியாயமான பொருள். படத்தை மரம் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

வெளிர்பழுப்புக் கோடு காட்டியது சாயமேற்றிய ஓக். பரவலாக விற்கும் கறுப்பு இது. வெளிர்நிற ஓக் பலகையில் அடர் சாயத்தைத் தேய்த்து, மேலே பாலியூரித்தேன் பூசுவார்கள். சாயம் மரத்துக்குள் ஒரு மில்லிகூட இறங்குவதில்லை. புதிதாக இருக்கும்போது அருமையாக இருக்கும். நாற்காலிக் கால் இழுத்த இடத்தில் ஓக்கின் வைக்கோல் நிறம் எட்டிப் பார்க்கும். மேப்பிள்மேல் அடர் சாயம் ஏற்றிய பலகையைக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த மரம் சாயத்தைச் சீராகக் குடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும்.

சாயத்தைவிட ஆழமாக இறங்குகிற ஒரு கறுப்பு உண்டு. அதன் ரகசியம் நமக்கு அந்நியமில்லை. கலம்காரி எழுதுகிறவர்களைக் கேளுங்கள். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்க வைத்த சாற்றைத் தொட்டு அதில் எழுதுவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கிற இடம் கறுத்துப்போகும். நிறத்தைத் துணிமேல் பூசவில்லை. நிறம் துணிக்குள்ளேயே பிறக்கிறது. ஓக் மரத்திலும் அதே துவர்ப்பு நிறைய உண்டு. மேல்நாட்டுத் தச்சர்கள் இரும்புக் கம்பளியை வினிகரில் கரைத்துத் தடவுவார்கள். மரம் கண்ணெதிரே கறுக்கும். அம்மோனியா ஆவியில் பலகையை அடைத்து வைத்துக் கறுப்பாக்கும் முறையும் இருக்கிறது. புகையூட்டிய ஓக் என்று விற்பனைக்கு வருவது அதுதான். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஓக் தரையின் பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரமான இரும்புச் சட்டியை ஓர் இரவு வைத்தால், காலையில் கலம்காரிக்காரரின் கறுப்பு வட்டமாக அங்கே எழுதியிருக்கும்.

நெருப்பாலும் கறுப்பாக்கலாம். காற்றுப் புகாத சூளையில் நீராவியோடு 180லிருந்து 215 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் மரம் முழுக்கனத்துக்கும் பழுப்பேறிவிடும். பின்லாந்தில் வளர்ந்த தொழில்நுட்பம். அப்படிச் சுட்ட ஆஷ் மரத்தைக் கீறினால் உள்ளேயும் அதே நிறம். ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் உப்புவதும் சுருங்குவதும் குறைவு. பதிலுக்குக் கொஞ்சம் நொறுங்கும் குணம் வந்துவிடும்.

கீறல் தெரியாத மூன்றாவது துண்டு, பிறவியிலேயே கறுத்த மரம். அமெரிக்க வால்நட், ஆப்பிரிக்காவின் வெங்கே, நம் ஊர் ஈட்டி, கருமருது. மரத்தின் நடுப்பகுதியை நம் ஆசாரிகள் வைரம் என்பார்கள், சுற்றியிருப்பதை வெள்ளை. நிறமும் பலமும் வைரத்தில்தான். வால்நட்டிலும் வெள்ளை உண்டு. வைரமும் வெள்ளையும் கலந்த பலகையை ஆவியில் வைத்தும் சாயம் தடவியும் ஒன்றுபோல் காட்டுவது வழக்கம். ஆக, ‘அசல் வால்நட்’ என்று சொன்னாலும் வெட்டுமுகத்தைப் பார்க்கக் கேளுங்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை குறுக்கே ஒன்று சொன்னார். “எங்க வீட்டு ஊஞ்சல் பலகையைப் பார்த்திருக்கியா? அது வாங்கினப்போ மஞ்சளா இருந்ததாம்.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். புதிதாக அறுத்த தேக்கு பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் பொன்பழுப்பாகிறது. அதில் நாலு தலைமுறை உட்கார்ந்து, எண்ணெய்க் கையும் வியர்வையும் பட்டு, ஊஞ்சல் பலகை கறுத்து ஒரு மினுமினுப்பு ஏறியிருக்கும். ஷோரூமில் நாம் தேடுகிற நிறம் பெரும்பாலும் அதுதான் என்று எனக்குச் சந்தேகம். அறுபது வருடம் காத்திருக்க முடியாததால் சாயம் போட்டு வாங்குகிறோம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதே

கறுப்பு மரம் என்றால் கடினம் என்று ஓர் எண்ணம் நமக்கு இருக்கிறது. உலக்கைக்குக் கருங்காலி என்று கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ. மரத்தின் கடினத்தை அளக்க 1906ல் கேப்ரியல் ஜங்கா என்ற ஆஸ்திரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். 11.28 மில்லி விட்டமுள்ள இரும்புக் குண்டைப் பலகையில் பாதி வரை அமுக்க எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பது. அந்த எண்களில் அமெரிக்கச் சிவப்பு ஓக் 1290. அதைவிட வெளுப்பான மேப்பிள் 1450. எல்லாரும் ஆசைப்படும் வால்நட்டுக்குக் கிடைப்பது 1010தான். நம் தேக்கும் ஏறக்குறைய வால்நட்டின் பக்கத்தில்தான் நிற்கிறது. ஈட்டி 2400ஐத் தாண்டும்.

வால்நட் தரையில் ஒரு பித்தளைச் செம்பு கை தவறி விழுந்தால் குழி விழும், அவ்வளவுதான் இதற்கு அர்த்தம். ஓக்கிலும் விழும், கொஞ்சம் சின்னதாக. படுக்கையறைக்கு வால்நட் தாராளமாகப் போதும். தேங்காய் உடைக்கிற வீட்டுக் கூடத்துக்கு வேண்டாம்.

அப்படியானால் ஈட்டி போட்டுவிடலாமே என்று கேட்கலாம். தோதகத்தி என்றும் சொல்லும் அந்த மரம் நம் மேற்கு மலைத் தொடரின் சொத்து. வெட்டி வெட்டியே அரிதாகிப்போனது. தமிழ்நாட்டில் 1994ல் இதைக் காக்கவே தனிச் சட்டம் போட்டார்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதையும் 2017 ஜனவரியிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. மலிவாக ஈட்டித் தரை என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று: அது ஈட்டியில்லை, அல்லது அது வந்த வழி சரியில்லை. கடைகளில் ‘ரோஸ்வுட்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சாயத்தின் பெயர். ‘வெங்கே’யும் அப்படியே, மாடுலர் கிச்சன் கதவுகளில் அந்தப் பெயர் இல்லாத ஊரில்லை. ஆனால் காங்கோ காட்டில் அந்த மரம் அருகிவருகிறது.

கருங்காலித் தரை கேட்கிறவர்களும் உண்டாம். கழுத்தில் போடும் மாலைக்கே அசலா போலியா என்று ஊரெல்லாம் விவாதம் நடக்கிறது. மிக மெதுவாக வளரும் மரம் அது. தரைக்குப் பலகை அறுக்க எங்கே போவது?

பர்மா தேக்கு என்ற பெயரும் இப்போது கொஞ்சம் ஆறப்போட்டுக் கேட்க வேண்டிய ஒன்று. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியோடு உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு நம் துறைமுகங்களில் இறங்குவதில் கானா, எக்குவடார், பனாமா என்று பல நாட்டுத் தோட்டத் தேக்கு இருக்கிறது. தோட்டத் தேக்கு மோசம் என்று பொருளில்லை. நிலம்பூரில் கனோலி என்ற கலெக்டர் காலத்தில், 1840களில் தொடங்கியதும் தோட்டத் தேக்குதான். அங்கே இன்றும் நிற்கும் மரங்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் இருபது வருடத்தில் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. வெள்ளைப் பகுதியைக் கறையான் விட்டுவைக்காது. அடர் சாயம் அடித்துவிட்டால் வெள்ளை எது வைரம் எது என்று ஆசாரிக்கே தெரியாது. கறுப்பு நிறத்தின் பெரிய ஆபத்து இதுதான், எல்லாவற்றையும் மறைத்துவிடும். எனவே சாயம் ஏறுவதற்கு முன் பலகையைப் பாருங்கள். முடியாவிட்டால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஈரம்

மரம் செத்த பிறகும் மூச்சுவிடும் என்று பழைய ஆசாரிகள் சொல்வார்கள். காற்றில் ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் விடும். சென்னையின் சாதாரணக் காற்றில் ஒரு பலகைக்குள் 13, 14 விழுக்காடு ஈரம் நிற்கும். இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் அது 9, 10க்கு இறங்கும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பகலெல்லாம் ஏசி அணைந்திருக்கும், இரவு எட்டு மணி நேரம் ஓடும். பலகைக்கு நாளெல்லாம் இழுபறி. பச்சையாக அறுத்ததிலிருந்து முற்றாகக் காயும்வரை தேக்கு குறுக்கே ஐந்து விழுக்காடு அளவுக்குத்தான் சுருங்கும். வெள்ளை ஓக் அதைப்போல் இரண்டு மடங்கு. கப்பலுக்குத் தேக்கைத் தேடி அலைந்தது சும்மாவா?

இங்கேதான் கறுப்புத் தரைக்கு ஒரு கூடுதல் தொல்லை. பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டால், ஓரத்தில் சாயம் ஏறாத வெளிர்க் கோடு தெரியும். வெளிர்நிறத் தரையில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கறுப்பில் நிலைக்கதவு வரை வரிசையாகக் கண்ணை உறுத்தும்.

அதனால் நம் கடலோர ஊர்களுக்கு முழு மரப் பலகையைவிட என்ஜினியர்டு என்கிற அடுக்குப் பலகைதான் என் தேர்வு. கீழே பிளைவுட் மாதிரி குறுக்கும் நெடுக்குமான ஏடுகள், மேலே அசல் மரத்தின் ஓர் ஏடு. குறுக்கு ஏடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் உப்பல் குறைவு. ஆனால் மேல் ஏடு எத்தனை மில்லி என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். 3 மில்லி, 4 மில்லி என்றால் பிற்பாடு ஒருமுறையோ இருமுறையோ உப்புத்தாள் போட்டு இழைத்துப் புதுசாக்கலாம். அரை மில்லியை ஒட்டிய ஏடென்றால் இழைக்கிற மெஷின் ஒரே ஓட்டத்தில் பிளைவுட்டைக் காட்டிவிடும். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுதான். முழு மரம் என்றால் இருபது மில்லி கனம், ஒரு ஆயுளில் பலமுறை இழைக்கலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் அடித்தளத்தில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் அதையே போடலாம்.

தரைத்தளமா? ஒரே வார்த்தையில் சொல்கிறேன், வேண்டாம். 2015 டிசம்பரில் தண்ணீர் ஏறிய தெருக்களில், 2023 மிக்ஜாம் புயலில் மறுபடி ஏறிய தெருக்களில் மரத்தரை போடுவது காசை வடிகாலில் விடுவது.

போடும் முறை பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, நல்ல ஆளிடம் கொடுத்தால் அவருக்குத் தெரியும். கான்கிரீட் காய ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதமாவது விட வேண்டும்; ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டால் அடியில் வியர்க்கிறதா என்று தெரிந்துவிடும். பலகைப் பெட்டிகளை அந்த அறையிலேயே சில நாள் கிடத்தி வைக்க வேண்டும். சுவரோரம் பத்து மில்லி இடைவெளி, அதை மறைக்க ஸ்கர்ட்டிங். பலகையின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கு இ1 என்ற அளவுக்குள் இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்.

துடைப்பம் யார் கையில்?

கறுப்புத் தரை அழுக்கு தெரியாது என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கறுப்பு வேட்டிக்கு அது பொருந்தலாம், தரைக்குப் பொருந்தாது. நம் ஊர்த் தூசி வெளிர்நிறம். அது கறுப்பில் சாம்பல் தூவியதுபோல் படியும். காலையில் பெருக்கிவிட்டு மாலையில் பார்த்தால் சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் யார் யார் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்று வரைபடமே இருக்கும். வெறுங்கால் வியர்வையின் தடம் காய்ந்து வெள்ளையாக நிற்கும். நாய் வளர்த்தால் உதிர்ந்த முடி, முதியவர் இருந்தால் நெற்றியிலிருந்து உதிரும் விபூதி, குழந்தை இருந்தால் பால் துளி. பூஜையறைக் கோலமாவு காற்றில் எங்கெங்கே போகிறது என்பதைக் கறுப்புத் தரை போட்ட பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

பளபளப்புப் பூச்சு இத்தனையையும் இரட்டிப்பாக்கும். மேட் பூச்சும், மரத்தின் ரேகை கையில் நெருடும்படி பிரஷ் செய்த மேற்பரப்பும் பாதியை மன்னித்துவிடும். கறுப்பு வேண்டுமென்றால் மினுக்கு வேண்டாம் என்று ஒரு சமரசத்துக்கு வாருங்கள். கன்னங்கரேலென்று போகாமல், ரேகை தெரிகிற கரும்பழுப்பில் நின்றால் இன்னும் நல்லது. ஒரே சீரான நிறத்தில் ஒற்றைத் தூசியும் தெரியும். நிறம் கூடிக் குறைந்து ஓடும் பலகையில் கண் ஏமாறும்.

அப்புறம் துடைப்பது. வாளியில் ஃபினாயில் கரைத்து, துணியைச் சொட்டச் சொட்ட முக்கி, தரையை நனைத்துத் துடைப்பதுதான் நமக்குச் சுத்தம். அது மரத்தரைக்கு ஆகாது. நன்றாகப் பிழிந்து, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு இருக்கும் மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். இதை வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். ‘இப்படித் துடைச்சா அழுக்கு போகுமாக்கா?’ என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் மூன்று வீட்டுக்குப் போக வேண்டியவர். உங்கள் கறுப்புத் தரை அவருக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் கூடுதல் வேலை. தரையைத் தேர்ந்தெடுக்க ஷோரூமுக்குப் போகிறவர் ஒருவர், அதைத் தினம் குனிந்து பார்க்கிறவர் இன்னொருவர் என்பதுதான் பல வீடுகளில் இந்தத் தரை மூன்றாம் வருடம் அழகு கெடக் காரணம் என்று நான் சொல்வேன். யார் கையில் துடைப்பம் இருக்கிறதோ அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருடைய ஓட்டை இரண்டாக எண்ணுங்கள்.

மாதிரிப் பலகையை ஷோரூம் விளக்கில் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. இரண்டடித் துண்டு ஒன்று கேளுங்கள், முன்பணம் வாங்கிக்கொண்டாவது தருவார்கள். வீட்டில் சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்க வையுங்கள். நின்று பார்க்கிற நிறமும் கிடந்து தெரிகிற நிறமும் வேறு. காலை வெயிலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை. அதன்மேல் ஒரு சிட்டிகை கோலமாவைத் தூவி, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு வாரம் மிதியுங்கள். அறை சின்னதாக, சன்னல் ஒன்றே ஒன்றாக இருந்தால் கறுப்புத் தரை வெளிச்சத்தைத் தின்றுவிடும். சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்து, ஒரு பக்கமாவது தாராளமாக வெளிச்சம் வந்தால்தான் பத்மநாபபுரத்து அழகு வரும். இல்லாவிட்டால் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கடைசியில் அக்கா வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் பூஜையறைக்கும் கல்தான். ஒரே ஒரு படுக்கையறைக்கு மட்டும், மூன்றாவது மாடி என்ற தைரியத்தில், 3 மில்லி மேல் ஏடு போட்ட வால்நட். மேட் பூச்சு. மிஞ்சிய ஒரு பெட்டிப் பலகையை அத்தை திருப்பிக் கொடுக்கவிடவில்லை; செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் கோடையில் ஏசியின் வடிகுழாய் அடைத்து, இரவெல்லாம் தண்ணீர் சொட்டி, சுவரோரம் இரண்டு பலகைகள் உப்பி எழுந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டி வெளியே வந்தது. ஆசாரி பழையதைப் பெயர்த்துப் புதியதைப் பதித்துவிட்டு எழுந்து பார்த்தார். பதித்த இரண்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கறுத்து, தனியாகத் தெரிந்தன. வெயில் பட்டால் தேக்கு நிறமேறும், வால்நட் நிறமிறங்கும். கறுப்பு என்று வாங்கிய அறை இரண்டு வருடத்தில் தேன்கலந்த பழுப்பாகியிருந்தது, தினம் பார்த்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“சாயம் அடிச்சு ஒண்ணாக்கிடவாம்மா?” என்றார் ஆசாரி.

“இருக்கட்டும்ப்பா” என்றார் அத்தை. “அந்த ரெண்டும்தான் கடையில பார்த்த நிறம்.”